கடைசி வளைவு

நேசராணி: மொழங்கால் இப்ப எப்படி இருக்கு?

மத்தேயு: எந்த மொழங்கால்?

நேசராணி: நல்லா கேக்குறீங்க. ரெண்டாவது ரவுண்டுல, கடைசி வளைவுல, புடிச்சிக்கிச்சுன்னு நின்னீங்களே, அந்த மொழங்கால்.

மத்தேயு: ஓ... அதுவா. இருக்கு. வலது கால்ல.

நேசராணி: ஸ்டேடியத்துல எடதுன்னு சொன்னீங்க.

மத்தேயு: ரெண்டுந்தான் நேசம். அறுபத்தேழு வயசுல ஒரு காலு மட்டும் தனியாவா வலிக்கும்... அந்த ஜன்னல தொற. பஸ்ஸுக்குள்ள அவிக்குது.

நேசராணி: தொறந்துதான் இருக்கு. பஸ் நெறஞ்சாத்தான் எடுப்பான். பசறைக்கு இன்னும் ஆளு சேரல.

மத்தேயு: சேந்திருக்கும். ஒன்னோட பை ஒரு சீட்டு புடிச்சிருக்கே. நான் இங்க நடையோரமா கம்பிய புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

நேசராணி: மெதுவா பேசுங்க. பின்னால விஜயலெட்சுமி இருக்கு. எங்க தோட்டத்து மேல் டிவிஷன் ஆளு. பக்கத்துல உக்காந்தா நாளைக்கு விடியிறப்ப பீலியில தண்ணி புடிக்கிற அத்தன பேருக்கும் இதுதான் பேச்சு.

மத்தேயு: தெனமும் காலையில கிரவுண்டுல ஒண்ணா ஓடுறோம். அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே.

நேசராணி: அது சப்பாத்து போட்டுக்கிட்டு ஓடுறது. போட்டிக்கு பழகுறாங்கன்னு விட்டுருவாங்க. சப்பாத்து இல்லாம, நானும் புருசன் செத்தவ, நீங்களும் பொண்டாட்டி இல்லாத ஆளு, சும்மா நின்னு பேசுனோம்னா வேற.

மத்தேயு: இப்பவும் சப்பாத்துதானே போட்டிருக்கேன்.

நேசராணி: பஸ்ஸுல யாரும் ஓடுறதில்ல... சிரிக்காதீங்க. நாளைக்கு எத்தன மணிக்கு வருது ஒங்க மகன்?

மத்தேயு: பத்து மணிக்குன்னு நேத்தே சொன்னான் ஜெசிந்தன். வத்தளையில இருந்து வேன் புடிச்சிக்கிட்டு வாறானாம். கட்டில் வேணாம், அங்க கட்டில் இருக்குன்னுட்டான்.

நேசராணி: கட்டில் வரைக்கும் பேசியாச்சு.

மத்தேயு: பேச்சுன்னா பேச்சுதானே. போன வருசம் நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததுல இருந்து அவனுக்கு நித்திரை இல்ல. தனியா இருக்க வேணாம்னு ஒரே புடியா நிக்கிறான். நான்தான் மல்லுக்கட்டி, ஊவா மூத்தோர் போட்டியில மூணு எடத்துக்குள்ள வந்து காட்டுறேன்டா, வந்தா இன்னும் ஒரு வருசம் தோட்டத்துலயே விடு, வராட்டி கதவ பூட்டிட்டு ஒன்கூட வந்திர்றேன்னு சொன்னேன்.

நேசராணி: அத நெனச்சு ஓடிருக்கணும்.

மத்தேயு: ஓடுனேனே.

நேசராணி: நாலாவதா வந்தீங்க.

மத்தேயு: அஞ்சு பேருல நாலாவது. கடைசி இல்ல.

நேசராணி: அந்த அஞ்சாவது ஆளுக்கு எழுவத்தி நாலு வயசு. தொப்பி பறந்துருச்சுன்னு திரும்பிப் போயி எடுத்துக்கிட்டு வந்தாரு.

மத்தேயு: ஆமா, நல்ல மனுசன். முடிஞ்சதும் கை குடுத்தாரு... நீ நடைப் போட்டியில ரெண்டாவது வந்துட்ட. அந்த மெடல் எங்க?

நேசராணி: பைக்குள்ள. கழுத்துல போட்டுக்கிட்டு பஸ்ஸுல வர முடியுமா? கன்னுக்குட்டி மாதிரி.

மத்தேயு: கன்னுக்குட்டி பேச்ச எடுக்காத.

நேசராணி: நீங்களாவே அதுக்குத் தாவுறீங்க. நான் அத நெனச்சுச் சொல்லல.

மத்தேயு: சரி... அந்த ரேடியோ புள்ள, சஜீவனி, ஒன்கிட்டயும் மைக்க நீட்டுச்சா?

நேசராணி: எல்லார்கிட்டயும் நீட்டுச்சு. இந்த வயசுல ஏன் ஓடுறீங்க, ஏன் ஓடுறீங்கன்னு ஒரே கேள்வி. ஈட்டி எறிஞ்ச றஷீனா டீச்சர் சொன்னத கேட்டீங்களா? பள்ளிக்கூடத்துல படிக்கையில ஈட்டி எறிய ஆசையாம். பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னு வாப்பா விடலையாம். இப்ப பேரப் புள்ளைங்க வந்து பாத்துக் கைதட்டுது, அதுக்குத்தான் எறியிறேன்னு சொன்னாங்க.

மத்தேயு: யாழ்ப்பாணத்து தர்மராசா ஐயா இருக்காரே, இங்க கச்சேரியில, கவர்மெண்டு ஆபீசுல இருந்து பென்ஷன் எடுத்தவரு... அவருகிட்ட கேட்டதுக்கு, வீட்டுல சும்மா இருந்தா நான் செத்துப் போன மாதிரி எல்லாரும் மெதுவாக் கதைக்கினம், அதாலதான் வாறன் எண்டு சொன்னாரு. அந்தப் புள்ளைக்கு சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல.

நேசராணி: நீங்க என்ன சொன்னீங்க?

மத்தேயு: சீனி வருத்தம்னு சொன்னேன். ஓடுனா சீனி கொறையும்னு.

நேசராணி: ஒங்களுக்கு சீனியே இல்லையே. போன கிளினிக்ல பாத்துட்டு, கல்யாண வீட்டுக்குப் போனா லட்டு திங்கலாம்னு டாக்டரே சொன்னாரே.

மத்தேயு: மைக்குல வேற என்னத்த சொல்ல? நீ என்ன சொன்ன?

நேசராணி: இடுப்பு வலி. நடக்கச் சொல்லி நர்ஸம்மா சொன்னாங்கன்னு.

மத்தேயு: முப்பத்தஞ்சு வருசம் கொழுந்துக் கூடைய தலையில மாட்டிக்கிட்டு மலையில ஏறி எறங்குனவளுக்கு நடக்கச் சொல்லி நர்ஸம்மா சொன்னாங்களா.

நேசராணி: ரேடியோவுல யாரு போயி வெசாரிக்கப் போறா.

மத்தேயு: ரெண்டு பேரும் நல்லா பொய் சொல்லிருக்கோம்.

நேசராணி: ...வத்தளையில ஓடுறதுக்கு எடம் இருக்கா?

மத்தேயு: கடக்கர இருக்குன்னான். கூட ஓடுறதுக்கு ஒரு கெழவர் சங்கம் கூட இருக்காம், பாத்து வச்சிருக்கான். நல்ல புள்ள. அவன நான் ஒரு கொறையும் சொல்ல மாட்டேன்.

நேசராணி: அப்ப என்ன?

மத்தேயு: என்னன்னா... அங்க வெடியக்காலம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல. இங்க அஞ்சர மணிக்கு கிரவுண்டுல எறங்கி நிப்பேன். பனியில ஒண்ணும் தெரியாது. மேல் ரோட்டுல ஒன் டோர்ச் லைட்டு திரும்பும். குறுக்குப் பாதையில எறங்கும். நடுவுல அந்த சவுக்கு மரத்துக்குப் பின்னால மறைஞ்சிரும், கொஞ்ச நேரம் காணாது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு என்னமோ மாதிரி இருக்கும். மறுபடி தெரிஞ்சிச்சுன்னா, சரி, விடிஞ்சிருச்சுன்னு இருக்கும். வத்தளையில எந்த லைட்ட பாக்குறது?

நேசராணி: ...மெதுவான்னு சொன்னேன்.

மத்தேயு: மெதுவாத்தான் சொல்லுறேன்.

நேசராணி: இதெல்லாம் இப்ப சொல்லி என்ன. சொல்ல வேண்டிய வயசுல சொல்லிருக்கணும்.

மத்தேயு: ஒங்கப்பாவும் எங்கம்மாவும் கூடப் பொறந்தவங்க. மொறப்படி நீ எனக்குத்தான்னு லயத்துச் சனமே சொல்லிக்கிட்டிருந்திச்சு. தனியா நான் வேற சொல்லணுமான்னு இருந்துட்டேன். அண்ணனும் தங்கச்சியும் ஒரு கன்னுக்குட்டிய வச்சிக்கிட்டு சண்ட புடிப்பாங்கன்னு கனவா கண்டேன்?

நேசராணி: எங்க மாடு போட்ட கன்னு. ஒங்கம்மாவுக்கு குடுக்குறேன்னு அப்பா வாய் விட்டுட்டாரு. அப்பறம் மனசு வரல.

மத்தேயு: மனசு வரலைன்னு சொல்லிருந்தா அம்மா விட்டுருக்கும். செத்துப் போச்சுன்னு சொல்லிட்டு ராத்திரியோட ராத்திரியா தெமோதரைக்கு ஓட்டி விட்டாருல்ல.

நேசராணி: சரி, சரி. அவங்க ரெண்டு பேரும் பேசாம இருந்த காலத்துலதான் என்னய மொனராகலையில கட்டிக் குடுத்தாச்சு.

மத்தேயு: வேனுல ஏத்தி அனுப்புறப்ப நான் பெக்டரி மாடியில நின்னேன். எல பரப்பிக்கிட்டு.

நேசராணி: தெரியும். பாத்தேன்.

மத்தேயு: பாத்தியா?... இத்தன வருசமா சொல்லவே இல்ல.

நேசராணி: எத சொல்றது. ஒங்களுக்கும் கல்யாணம் ஆச்சு. அஞ்சலின் நல்ல பொம்பள. எனக்கும் வந்த மனுசன் ஒண்ணும் கெட்டவரு இல்ல. ஆனா அவரு போனதுக்கப்பறம் மகன் வீட்டோட இங்கயே வந்து சேர்ந்தேன் பாருங்க... வந்த மறுநா காலையில, கீழ கிரவுண்டுல ஒரு ஆளு கட்ட காச்சட்டயோட ஓடிக்கிட்டிருக்கு. யாருடா இந்தக் கெழவன்னு பாத்தா, நீங்க.

மத்தேயு: அப்ப அஞ்சலின் செத்து ஒரு வருசம். வீட்டுக்குள்ள இருக்க முடியாம ஓடுனேன். போட்டி கீட்டி ஒண்ணும் அப்ப தெரியாது.

நேசராணி: மகன்கிட்ட எனக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கித் தாடான்னு கேட்டேன். எதுக்கும்மான்னு கேட்டான். இடுப்பு வலின்னு சொன்னேன்.

மத்தேயு: அந்த இடுப்பு வலி அவ்வளவு பழசா.

நேசராணி: சிரிக்காதீங்கன்னு சொல்றேன்ல... டிரைவர் ஏறிட்டாரு. எடுக்கப் போறான்.

மத்தேயு: எடுக்கட்டும்.

நேசராணி: ஒண்ணு கேக்குறேன், நெசத்தச் சொல்லுங்க. ஏன் நின்னீங்க? மொழங்கால் இல்ல. எனக்குத் தெரியும். பஸ் ஸ்டேண்டு வரைக்கும் அவ்வளவு வேகமா நடந்து வந்தீங்க. ரெண்டாவதா ஓடி வந்துக்கிட்டிருந்த மனுசன் ஏன் நின்னீங்க? நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்.

மத்தேயு: பாத்துக்கிட்டு இருந்தியா?

நேசராணி: ஆமா.

மத்தேயு: எங்க இருந்து?

நேசராணி: எப்பவும் நிக்கிற எடந்தான். வளைவுல, வேலியோரம்.

மத்தேயு: என்ன பாத்த?

நேசராணி: பண்டாரவளை ஆமிக்காரர் முன்னால போனாரு. பின்னால நீங்க. பொசுக்குன்னு நின்னு மொழங்கால புடிச்சிக்கிட்டு...

மத்தேயு: மொழங்கால நான் புடிக்கவே இல்ல நேசம். அது முடிஞ்சதுக்கப்பறம் கேட்டவங்களுக்கு சொன்னது. நின்னு வேலியத்தான் பாத்தேன். நீ அங்க இல்ல.

நேசராணி: கூட்டமா இருந்திருக்கும்...

மத்தேயு: பத்துப் பேரு இல்ல அங்க. வருசா வருசம் அந்த வளைவுல செவப்புக் குடைய விரிச்சிக்கிட்டு நிப்ப. மத்தவங்க முடியிற கோட்டப் பாத்து ஓடுவாங்க. நான் குடையப் பாத்துத்தான் ஓடுவேன். அதத் தாண்டிட்டா மிச்சத் தூரம் தன்னால போயிரும். இன்னிக்கு திரும்புறேன், குடைய காணோம். காலையில நடை முடிஞ்சப்ப தல சுத்துதுன்னு சொன்னியே... எங்கயாவது விழுந்து கெடக்குறியோன்னு நெனச்சேன். காலு நின்னுருச்சு. மத்தவங்க தாண்டிப் போனதே தெரியல.

நேசராணி: அதுக்கா நின்னீங்க? ஐயோ... இன்னும் கொஞ்ச தூரம். ஒரு வருசத்தையே கொண்டுபோயி அங்க போட்டுட்டு வந்திருக்கீங்களே.

மத்தேயு: நீ விழுந்து கெடந்தா அந்த ஒரு வருசத்த வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?... அழுவாத. விஜயலெட்சுமி பாக்கும்.

நேசராணி: பாக்கட்டும்.

மத்தேயு: எங்க போன?

நேசராணி: பிளேன்டி குடிக்க.

மத்தேயு: என் ஓட்டம் நடக்குற நேரத்துல பிளேன்டி குடிக்கப் போற ஆளா நீ?

நேசராணி: பொம்பளைங்க போற எடத்தையெல்லாம் கேப்பாங்களா?

மத்தேயு: முடிஞ்ச ஒடனே ஒன்னத் தேடித்தான் ஓடுனேன். றஷீனா டீச்சர்கிட்ட கேட்டேன். ஃபோன காதுல வச்சிக்கிட்டு கேட்டுக்கு வெளிய போனாங்கன்னு சொன்னாங்க. மகனுக்கு என்னமும் சொகமில்லையா?

நேசராணி: அவன் நல்லா இருக்கான்.

மத்தேயு: அப்ப யாருக்கு?

நேசராணி: வீட்டுக்குப் போயி சொல்றேன்.

மத்தேயு: எந்த வீட்டுக்கு? நீ மேல போயிருவ, நான் கீழ போயிருவேன். நாளைக்கு இந்நேரம் நான் வத்தளைக்குப் பாதி வழி போயிருப்பேன். இப்ப சொல்லு.

நேசராணி: சரி... என் மொகத்தப் பாக்காதீங்க. ரோட்ட பாத்துக்கிட்டே கேளுங்க.

மத்தேயு: ரோட்டத்தான் பாக்குறேன். சொல்லு.

நேசராணி: அந்த ஆமிக்காரர் சப்பாத்து கட்டுறதப் பாத்ததும் எனக்கு பயம் வந்திருச்சு. இவங்ககூட ஓடி நீங்க எங்க எடம் புடிக்கிறதுன்னு... வெளிய போயி ஜெசிந்தனுக்கு ஃபோன் எடுத்தேன். ஒங்கப்பா தோத்தாலும் ஜெயிச்சாலும் கூட்டிக்கிட்டுப் போயிறாத தம்பி, விழுந்தா தூக்குறதுக்கு நான் இருக்கேன், அவரு இல்லாம எனக்கு விடியாதுன்னு வெக்கத்த விட்டுச் சொல்லிப்புட்டேன். அதுக்கு ஒங்க மகன், நாளைக்கு அப்பாவ கூட்டிக்கிட்டுப் போக வரல, பத்து மணிக்கு ரெண்டு பெரியவங்களோட மேல் டிவிஷனுக்கு ஒங்க வீட்டுக்குத்தான் வாறேன், மொறையா வந்து பொண்ணு கேக்கணும்லன்னு சொன்னிச்சு.