பெட்ரோல் டாங்கிக்கு அண்ணன் வெட்டிய வாஷர்

என் பெயர் ரமணி. தகப்பனார் பெயர் கார்த்திகேசு. வயது இருபத்து மூன்று. ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் தட்டச்சு வேலை. பத்தாங் பெர்ஜுந்தாய் அருகே ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லய வீட்டில் பெற்றோருடனும் அண்ணன் சேதுவுடனும் வசிக்கிறேன். 1984 ஆகஸ்டில் அண்ணனின் மோட்டார் சைக்கிள் தீப்பிடித்தது குறித்து நான் அறிந்ததைக் கூறுகிறேன்.

அண்ணன், தோட்டத்துக் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற கிராணி ஒருவரிடம் பழைய பி.எஸ்.ஏ. வண்டி வாங்கினான். அதன் பெட்ரோல் டாங்கி துருப்பிடித்து அடியில் ஓட்டை விழுந்திருந்தது. டவுனில் பட்டறை வைத்திருக்கும் செல்லன் அதைக் கழற்றி, உள்ளே சரளைக்கல் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்து, ஓட்டைக்கு ஈயம் வைத்து, கறுப்புச் சாயம் அடித்தார். அதன் பிறகு எங்கள் வீட்டு முன்னால் வண்டியில் பொருத்தினார். பெட்ரோல் இறங்கும் குழாய்க்கு மட்டும் வாஷர் கிடைக்கவில்லை. "வாஷர் இல்லாம எண்ணெய ஊத்திடாத சேது, கிள்ளான்ல வாங்கியாறேன்" என்று அவர் சொன்னதை நான் கேட்டேன்.

அதன் பிறகு அவர் கிள்ளானுக்குப் பலமுறை போயும் வாஷர் வரவில்லை. "பீர மறக்காம வாங்கியாறாரு, வாஷர மட்டும் மறந்துடுறாரு லா" என்று அண்ணன் சலித்துக்கொண்டான். கோயில் திருவிழாவுக்கு முந்திய நாள், சமையலறையில் கால் வழுக்காமலிருக்க விரித்திருந்த ரப்பர் ஷீட்டின் ஓரத்தை என் தையல் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டினான்.

"செல்லண்ணன் வேணாம்னாரே" என்றேன்.

"ரப்பர் காட்டுல பொறந்துட்டு ஒரு வாஷருக்குக் கிள்ளான் போகணுமா? போ லா."

அதை அவனே குழாயில் மாட்டிப் பெட்ரோல் ஊற்றினான். அப்போது ஒரு சொட்டும் கசியவில்லை. மறுநாள் காலை கோலசிலாங்கூர் கோயிலுக்குக் கிளம்பியவன் புக்கிட் பெலிம்பிங் தாண்டுவதற்குள் வண்டி எரிந்தது. வலது கால் முழங்கால்வரை வெந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான். இந்தப் போலீஸ் நிலையத்தின் பின்புறம் அந்த வண்டியை எனக்குக் காட்டினார்கள். குழாயைச் சுற்றி, மென்று துப்பிய சுவிங்கம்போல ஒட்டியிருப்பது அந்த ரப்பர்தான். பெட்ரோலில் அது ஊறி இளகிவிடும் என்று பாட்டன் காலத்திலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு, செல்லன்தான் மட்டமான வாஷர் போட்டார் என்று அப்பா புகார் கொடுத்ததால் செல்லனை லாக்கப்பில் வைத்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய், உண்மையை ஏன் சொல்லவில்லை என்று அண்ணனைக் கேட்டேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "அவரு நாளைக்கே வெளிய வந்துருவாரு. அப்பாவுக்கு வேல போனா லயத்தையும் காலி பண்ணணும் ரமணி" என்றான். அப்பா தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை செய்கிறார். அந்த ஷீட்டு அங்கிருந்து அவர் கொண்டுவந்தது. கேட்டு வாங்கினாரா என்பது எனக்குத் தெரியாது. இன்று பஸ்ஸில் என்னோடு வந்த அப்பா, "ஷீட்டப் பத்தி மட்டும் வாயத் திறக்காதம்மா" என்றார். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

ஷீட்டு வந்த இடத்தை எழுதாமல் விடலாமா என்று அதிகாரி கேட்டார். விட்டால் அந்த ரப்பரும் செல்லன் பட்டறையிலிருந்துதான் வந்தது என்று எழுதிவிடுவார்கள். அதனால் இருக்கட்டும் என்றேன்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவே. எதையும் மாற்றச் சொல்லவில்லை.

(ஒப்பம்) கா. ரமணி