மாப்பிள்ளைக்கு ஏற்ற லென்ஸ்

“எங்கை நடுங்குனா லென்ஸ் பாத்துக்கும். உங்கை நடுங்குனா?”

2008 ஆவணியில், திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் பஸ்ஸில் முன் இருக்கையிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் போட்டோகிராபர். பக்கத்தில் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு அவருடைய நண்பர், மாப்பிள்ளையே அவர்தான். கல்யாணத்துக்குள் ஒரு ஜூம் லென்ஸ் வாங்கியாக வேண்டும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் லென்ஸா, மங்கலான மண்டபத்திலும் வெளிச்சத்தை அள்ளும் அகலமான அப்பர்ச்சர் லென்ஸா? இரண்டும் சேர்ந்ததன் விலை கைக்கு எட்டாது.

“நடுக்கத்துக்கு உண்டானதே வாங்கு பங்காளி. போன முகூர்த்தத்துல நீ எடுத்த படத்துல பொண்ணுக்கு நாலு கண்ணு.”

“அது எங்கை ஆடுனதுடா. தாலி கட்டறப்ப நீ ஆடுனா அந்த லென்ஸ் என்ன பண்ணும்? வெளிச்சம் நெறையா வந்தா பட்டுனு எடுத்தர்லாம். நீ ஆடுனதே தெரியாது.”

“நான் எதுக்கு ஆடறேன்?”

“நிச்சயத்தன்னிக்கு மோதரத்தக் கீழ போட்டயே.”

“மோதரம் லூசுடா.”

“லூசா? வெரல்லயே ஏறல!”

அவிநாசிபாளையத்தில் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு டீக்கு இறங்கினார். தெரிந்தவரான கண்டக்டருக்கு மாப்பிள்ளை ஒரு பத்திரிகையை நீட்டினார்.

“அவசியம் வந்துருங்கண்ணா.”

பத்திரிகை படபடத்தது. போட்டோகிராபர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பஸ்ஸு ஆடுதுடா,” என்றார் மாப்பிள்ளை.

“வண்டி நின்னு நேரமாச்சுங்க தம்பி,” என்றார் கண்டக்டர்.

மாப்பிள்ளை கையை மடக்கிக்கொண்டார்.

“செரி, அப்பர்ச்சரே வாங்கித் தொலை.”