இறக்காத தண்ணீர்

வாசித்து முடித்ததும் டியூபா என்னும் பெரிய பித்தளை ஊதுகருவியைச் சாய்த்து, அடியிலுள்ள சாவியை அழுத்தி, மூச்சு குளிர்ந்து குழலுக்குள் தேங்கிய தண்ணீரைத் தரையில் இறக்கிவிடுவது மணவாளனின் வழக்கம். "மூச்ச எறக்கி வெச்சுட்டுதான் வூட்டுக்குப் போவணும், மாப்ள" என்பார். கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என்னோடு பணியாற்றிய சவரியம்மாள் டீச்சரின் அண்ணன் மகன் ராபர்ட்டுக்கு நேர்ந்தது. கடலூரில் அவன் ஒரு பேண்டு குழு நடத்துகிறான். கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாட்டுக் கல்யாண மெட்டுகளோடு, அமெரிக்க ஆட்ட இசையான ஜாஸையும் ஃபங்கையும் கலந்து வாசிப்பார்கள். மூன்றும் நான்குமாக, ஏழடியில் குதித்தோடும் மெட்டுகள். அவற்றைக் கீழிருந்து தாங்கியவர் மணவாளன். குழுவில் ஒருவர் இறந்தால், மற்றவர்கள் இடுகாடுவரை வாசித்துச் செல்வது அவர்கள் நியமம்.

மணவாளன் ஒரு காலையில் இறந்தார். அன்று மாலை சிதம்பரத்தில் கச்சேரி. வெளிநாட்டு விழாவுக்குக் குழு தேடுகிறவர்கள் வந்திருந்தார்கள்.

"மாமாவுக்கு அப்புறமா வாசிச்சுக்கலாம்டா" என்றான் ராபர்ட்.

அதோடு நிற்கவில்லை. உடல் கிடந்த வீட்டுக்குள் புகுந்து டியூபாவையும் தூக்கினான். மணவாளனின் மனைவி பொன்னி தடுக்கவில்லை.

"எடுத்துட்டுப் போ. வாசிக்கும்போதே சாஞ்சிட்டாரு. இன்னும் தண்ணிகூட எறக்கல."

மேடையில், டிராம்போன்காரன் கதிரவன் அதை வாசித்தான். ஏழடி மெட்டில் தடுமாறி, வாயை எடுத்துவிட்டான்... டியூபாவின் கீழ்ச்சுரம் நிற்கவில்லை. மூன்று, நான்கு. மூன்று, நான்கு. கூட்டம் எழுந்து ஆடியது. குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நள்ளிரவு. வெள்ளாற்றுப் பாலம் தாண்டிய வெறிச்சோடிய சாலை. வேனின் பின்னிருக்கையில்... சொட். சொட். சொட். கிராம்பு வாசனை.

"டேய் கதிரு, தண்ணி எறக்கலியா?"

"ரெண்டு தடவ எறக்கிட்டேண்ணே."

ராபர்ட் கையை நீட்டினான். டியூபாவின் உறையிலிருந்து சொட்டிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது... இப்போதுதான் ஊதி முடித்ததைப் போல. அவனுக்கு அச்சத்தைவிட வெட்கமே மிகுந்தது.

"மாமாவ மண்ணுல வெச்சப்ப நாம மேடையில குதிச்சுட்டிருந்தோம்டா."

வேன் அவரவர் வீட்டுக்குப் போகவில்லை. பொன்னியின் வாசலில், பளபளக்கும் மேடைச் சட்டையைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நின்றான் ராபர்ட்.

"அத்த... மன்னிப்பு கேக்குற யோக்யதகூட எனக்கில்ல. வாசிக்க மட்டும் விடுங்க."

அவள் முந்தானையைப் போர்த்துக்கொண்டு, பெண்கள் போகாத அந்த இடத்துக்கு முன்னால் நடந்தாள்.

பெண்ணையாற்றங்கரை இடுகாட்டில் விடியும்வரை வாசித்தார்கள். டியூபாவை யாரும் தொடவில்லை. அது புதுமண்மேல் கிடந்தது. முடித்ததும் ஒவ்வொருவரும் தத்தம் குழலின் தண்ணீரை இறக்கினார்கள். பொன்னி குனிந்து, டியூபாவின் சாவியை அழுத்தினாள்.

ஒரு சொட்டும் வரவில்லை.

நீளமாக ஒரு மூச்சு வந்தது... கிராம்பு வாசனையோடு.