பிரிக்கக் கூடாத பொட்டலம்

டீ ஆறிவிடும், அம்மணி. முதலில் குடியுங்கள். சர்க்கரை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் வரை இந்த வீட்டில் சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. எல்லாம் என் தங்கை ராமாத்தாளின் கைப்பழக்கம். அவள் போன பிறகு ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பத்து நாள் உங்கள் இல்லத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, அவர்களைப் பார்த்துப் பார்த்துக் களைத்த வீட்டாரை ஓய்வெடுக்க அனுப்புகிறீர்கள். நல்ல காரியம். ராமாத்தாள் கேட்டபடி எங்கள் அப்பாவுக்குக் கட்டில் ஒதுக்கிக் காத்திருந்தும் அவள் ஏன் அவரைக் கொண்டுவரவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. மனு எழுதும்போது எது முன்னே வர வேண்டும், எது பின்னே வர வேண்டும் என்று மல்லசமுத்திரத்தில் படிக்கிற காலத்தில் எங்கள் தமிழ் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். அந்த வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன்.

சரவணமுத்து என்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் மனு எழுதுகிறவர் என்று சொல்வார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். யார் வீட்டில் யார் விழுந்து கிடந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். பராமரிப்பு உதவித்தொகைக்கு எங்கே போக வேண்டும், வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸை எப்படி வரவழைப்பது, தண்ணீர் மெத்தை யார் தருவார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. உங்கள் இல்லத்துக்கே இந்தப் பக்கத்திலிருந்து எத்தனை குடும்பங்களை அனுப்பியிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவரிடமும் ஒரு டீக்குக் கூடக் கை நீட்டியதில்லை.

அதோ அந்த அறையில் கிடக்கிறவர் என் அப்பா காளியண்ணன். சோளத்தட்டுக்குப் போர் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் குழறும், ஆனால் விவரம் இருக்கிறது. என் மனைவிக்கு மூட்டுவலி. எனக்கோ ஊர்க் காரியம். ராமாத்தாள்தான் மல்லசமுத்திரத்தில் வைத்திருந்த தையல்கடையைப் பூட்டிவிட்டு, பத்து நாள் இருந்து பார்த்துக்கொடுக்கிறேன் என்று வந்தாள். கட்டிக்கொண்டவன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் வடநாட்டுக்குப் போனவன், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். பிள்ளை குட்டி இல்லை. அந்தப் பத்து நாள் ஏழு வருஷம் ஆயிற்று. நடுவில் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் அவளுடைய தையல் மெஷினை மழையில் நனையும்படி வாசலில் தூக்கி வைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு நான்தான் போய் ஆட்டோவில் ஏற்றி வந்தேன். அதோ, மூலையில் இருக்கிறது. அப்பாவின் துணிகளை அதன் மேல்தான் மடித்து வைப்பாள்.

ஒருநாள் கேட்டாள்: "ஏனுங்ணா, பக்கத்தூருக்கெல்லாம் ஒரு நர்ஸம்மா ஊடு தேடி வருதாமா. நம்மூட்டுக்கு வராதுங்களா? அப்பாவத் தூக்கித் தூக்கி இடுப்பு உட்டுப்போச்சுங்ணா."

"அதெல்லாம் யாருமில்லாதவங்களுக்குச் சாமி. உனக்குத்தான் நாங்க இருக்கறமே" என்றேன்.

அந்த நர்ஸைப் பக்கத்து ஊருக்கு வரவழைத்தவன் நான்தான். எங்கள் தோட்டத்து வழியாகத்தான் அந்தப் பெண் வண்டியில் போகும். ஒரு தடவை நின்று, உங்கள் வீட்டிலும் ஒருவர் படுத்திருக்கிறாராமே என்று கேட்டது. தேவையில்லை, தங்கச்சி இருக்கிறாள் என்று சொல்லி அனுப்பினேன். நீங்கள் புருவத்தைச் சுருக்குகிறீர்கள். யோசித்துப் பாருங்கள். ஒருவர் வந்து ஒரு வேலையை எடுத்துக்கொண்டால், மிச்சமிருக்கிற வேலையும் சுமைதான் என்று மனசுக்குத் தெரிந்துவிடும். தெரியாதவரைக்கும் அது சுமை இல்லை, பழக்கம். மாட்டுக்கு நுகத்தடியை நடுவில் கழற்றிக் காட்டக் கூடாது. இதில் கோபதாபம் ஒன்றும் இல்லை. நான் அவள் மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை, அதட்டியதுமில்லை. நோம்பிக்கு நோம்பி அவளுக்குத்தான் முதல் சேலை எடுப்பேன்.

பிறகு கட்டி வந்தது. மார்பில். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். சேலத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டரம்மா என்னிடம்தான் பேசினார். ஆரம்ப நிலைதான், உடனே ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வார், தள்ளிப்போடக் கூடாது என்று தேதியும் குறித்துக் கொடுத்தார். அவர் சொன்னது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. புரியவில்லை என்று இப்போது சொன்னால் பொய்யாகிவிடும்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அப்பாவ யாருங்ணா பாத்துக்குவாங்க?" என்றாள். தன் உயிரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாருங்கள், அவள் அப்படிப்பட்டவள். "பார்க்கலாம் சாமி" என்றேன்.

காரியத்தைக் கெடுத்தது நான் செய்த நல்லதுதான். ஆத்தாயி என்று ஒருத்தி, புருஷன் மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறான். மகள் பிரசவத்துக்குத் திருச்செங்கோடு போக வழியில்லை என்று அழுதாள். அவனை உங்கள் இல்லத்தில் சேர்க்க நான்தான் ஏற்பாடு செய்தேன். அவள் திரும்பி வந்து, ஒரு சீப்புப் பழத்தோடு நன்றி சொல்ல நேராக இந்த வாசலுக்கு வந்துவிட்டாள். ராமாத்தாள் அப்பாவின் படுக்கைத் துணியை அலசிக்கொண்டிருந்தாள். ஆத்தாயிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் தண்ணி மெத்தை வாங்கித் தாரீங்க, உங்கூட்டுல மட்டும் பழைய எலவம் பஞ்சுங்களா? மனு எழுதக் காயிதம் தீந்துபோச்சா? ஏ ராமாத்தா, நீயும் ஒரு பத்து நாளைக்கு அப்பாவ அங்க உட்டுட்டு வாயேன். நல்லாப் பாக்கறாங்க கண்ணு. எம்புருசன் திரும்பி வரமாட்டேங்கறான். அங்க வர்ற நர்ஸம்மா என்னையவிடச் செவப்பாமா!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவள் போனதும் ராமாத்தாள் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"அப்பிடி ஒரு எடம் இருக்குதுங்களாண்ணா?"

"இருக்குது."

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

"நீ கேக்கல."

அன்றைக்கே ஆத்தாயியிடம் நம்பர் வாங்கி உங்களுக்குப் போன் பண்ணிவிட்டாள். நீங்களும் கட்டில் ஒதுக்கி, ஆபரேஷன் தேதிக்கு முந்தின நாளே அப்பாவைக் கொண்டுவரச் சொல்லிவிட்டீர்கள். அவள் முகத்தில் நான் வெகுகாலமாகப் பார்க்காத ஒரு தெளிவு. மூலையிலிருந்த தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டாள். அந்த எண்ணெயைப் பார்த்த பிறகுதான் நான் முடிவு செய்தேன்.

பத்து நாள் என்பது பத்து நாளோடு நிற்காது. ஆபரேஷன் ஆனவள் குனியக் கூடாது, தூக்கக் கூடாது என்பார்கள். அதற்குள் கடை ஞாபகம் வந்துவிடும். அப்புறம் அப்பாவைத் திருப்புவது யார், துடைப்பது யார், வாயில் ஊட்டுவது யார்? என் மனைவிக்கு ஆகாது. எனக்கு அந்த நாற்றம் சேராது. சின்ன வயசிலிருந்தே அப்படி. மேலும், ஊருக்கு வழி சொல்கிறவன் பெற்ற அப்பனை இல்லத்தில் விட்டான் என்ற பேச்சு வரும். மற்றவர்கள் விடலாம், அவர்களுக்கு வேறு கதி இல்லை.

வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அவள் கேட்டிருக்க மாட்டாள். உயிர்ப் பயம் யாரையும் எதிர்த்துப் பேச வைக்கும். ஆகவே, "பெரிய காரியம் சாமி, கத்தி வைக்கிறது. குலசாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுரலாம்" என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

எங்கள் கோயிலில் பூக் கேட்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெளியே தெரியாமல் இலையில் மடித்து வாழைநாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். கேட்பவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. ஒரே காரியத்தை அதே வருஷம் மறுபடி கேட்கக் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவும் கூடாது, அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டுவது வீட்டுக்குப் பெரியவர். அப்பா கிடக்கிறார், ஆகவே நான்.

ராமாத்தாள் குளித்து ஈரச் சேலையோடு அம்மன் முன்னால் நின்றாள். வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாள். பூசாரி, "நீயே எடு ஆத்தா" என்றார். அவள் கை ஒன்றின் மேல் போய், தயங்கி, மற்றொன்றுக்கு மாறி, அதை எடுத்தது. அவ்வளவு தயங்கியிருக்கத் தேவையில்லை.

செவ்வரளி.

"உத்தரவு இல்லை ஆத்தா. பொறுத்துக்க. அவ பாத்துக்குவா" என்றார் பூசாரி.

அவள் கொஞ்ச நேரம் கையிலிருந்த பூவையே பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்ணா, அப்பாவுக்குக் கஞ்சி நேரமாச்சு" என்றாள். மற்றப் பொட்டலத்தைக் கிணற்றில் போடச் சொல்லி அவள் கையிலேயே கொடுத்துவிட்டு நான் செருப்பு மாட்டப் போனேன். இந்த விவகாரம் முழுக்க யோசித்துப் பார்த்தால், நான் செய்த பிழை அது ஒன்றுதான்.

நீங்கள் போன் செய்தபோது எடுத்தது நான். வேறு ஏற்பாடு ஆகிவிட்டது, கட்டிலை யாருக்காவது கொடுங்கள் என்றேன். அது பொய். அதற்காக உங்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். உங்களைப் போன்றவர்கள் நேரத்தை வீணாக்கக் கூடாது.

அவள் அடுத்த வருஷம் கேட்கலாம் என்று காத்திருந்தாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கட்டி காத்திருக்கவில்லை. கை வீங்கியது. வீங்கிய கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அப்பாவுக்கு ஊட்டுவாள். கடைசியில் அவளுக்கும் அதே அறையில் ஒரு கட்டில் போட்டோம். டாக்டரம்மாவிடம் மறுபடி கூட்டிப்போனபோது, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று என்னிடம்தான் கத்தினார். சாமி உத்தரவு தரவில்லை என்றேன். அவர் ஃபைலை மூடிவைத்தார். படித்தவர்கள் அதற்கு மேல் பேச மாட்டார்கள்.

அவள் உயிர் போவதற்குச் சில நாள் முன்பு, அப்பாவுக்குக் கஞ்சி கரைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "ரெண்டும் செவப்புத்தானுங்ணா."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "பிரிச்சுப் பாத்தியா?" என்றேன். "பிரிக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு? சாமி குத்தம் ஆயிருமே."

அவள் சிரித்தாள். சிரிக்க வலித்தது போலிருக்கிறது, விலாவைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாங்ணா. அந்தக் குத்தந்தான் போலிருக்குது."

"அன்னைக்கே தெரியுமா?"

"கெணத்து மேட்டுலயே தெரியும்."

"அப்பறம் ஏன் சும்மா இருந்த? நீயே போய் அட்மிட் ஆயிருக்கலாமில்ல?"

அவள் ஸ்பூனை ஊதி ஆற்றினாள். அப்பா குஞ்சு மாதிரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். "நாம் போயிருந்தா அப்பாவ நீங்க பாத்திருப்பீங்களா? மாட்டீங்க. கூடப் பொறந்தவளுக்கே ரெண்டு பொட்டலமும் செவப்பாக் கட்டறவரு, படுத்துக் கெடக்கற மனுசன என்ன பண்ணுவீங்கன்னு பயமா இருந்துச்சு. அதான் இருந்துட்டேன்."

கொஞ்சம் கடுமையான பேச்சுத்தான். நோயில் வந்தது என்று நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது பாருங்கள். அவள் தெரிந்தேதான் இருந்தாள். யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. பூவை மாற்றிக் கட்டியது நான்தான், இரண்டிலும் செவ்வரளியைத் தெரிந்தே வைத்தேன், அவள் பிழைக்கக்கூடியவள் என்பதும் தெரிந்தே வைத்தேன். ஆனால் முடிவு அவளுடையது. நீங்கள் எங்கே வேண்டுமானாலும் இதை அப்படியே சொல்லலாம்.

கருமாதி முடிந்த கையோடு என் மனைவி பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். மருமகளுக்குத் துணை என்கிறாள். இப்போது நானும் அப்பாவும்தான். அவர் நாள் பூராவும் "ராமா, ராமா" என்கிறார். பெருமாளைக் கூப்பிடுகிறார் என்று வருகிறவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இதோ கேட்கிறதே, அதுதான். நான் ஸ்பூனைக் கொண்டுபோனால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார். திருப்பிப் படுக்க வைத்தால் என்னையே பார்க்கிறார். முதுகில் புண் ஆரம்பித்திருக்கிறது. எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று, அம்மணி. சாப்பிட்டால் நாற்றம் தொண்டையில் நிற்கிறது. இது எவ்வளவு பெரிய வேலை என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தெரியாது. பார்த்துக்கொள்கிறவனைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை.

ஆகவே, நீங்கள் வந்ததும் நல்லதாயிற்று. ராமாத்தாள் பேரில் ஒதுக்கினீர்களே, அந்தக் கட்டில் காலியாக இருந்தால் அப்பாவைப் பத்து நாளைக்கு அனுப்பிவைக்கிறேன். மனு எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். இதற்கெல்லாம் பூக் கேட்க வேண்டியதில்லை.