கோப்பைக்கு ஒரு பெயர்

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, அதற்கு ஒரு கால் ஆடும். இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மின்விசிறிக் காற்றும் இங்கேதான் நேராக வரும்.

நீங்கள் போனில் அனுப்பிய ருமேனியா கிளப்பின் வரலாற்றை நேற்று முழுக்கப் படித்தேன். மூன்றாம் டிவிஷனைத் தாண்டாத கிளப். முதலில் ஒரு தொழிற்சாலையின் பெயர், அப்புறம் ஊர்ப் பெயர், அப்புறம் யாரோ ஒரு முதலாளியின் பெயர் என்று மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தூரத்துச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. ஒரே ஒரு குறை. கடைசியில் ‘கலைக்கப்பட்டது’ என்று ஆண்டைப் போட்டு முடித்துவிட்டார்கள். யாரால், எதனால் என்று ஒரு வரி கிடையாது. இழுத்து மூடிய கிளப்புகளின் வரலாற்றைச் சேர்க்கிறேன் என்று வந்திருக்கிறீர்கள், சித்தார்த்தன். எங்கள் நீலக்கரை கால்பந்துக் கழகத்துக்கு அந்தத் தப்பைச் செய்துவிடாதீர்கள். அதற்காகத்தான் உங்களை வரச் சொன்னேன்.

கழகம் பிறந்தது பொம்மையார்பாளையத்தில், சவுக்குத் தோப்பை ஒட்டிய மணலில். வலைக்குப் போகும் பையன்களும் கோட்டக்குப்பத்துக் கடைப் பையன்களும் சேர்ந்து ஆரம்பித்தது. நாங்களும் மூன்று பெயர் பார்த்துவிட்டோம். எங்கள் உச்சம், மாவட்ட லீக் இரண்டாம் டிவிஷனில் நான்காம் இடம். அதைத் தனியாக எடுத்துப் போடுங்கள். அந்த வருடம் மொத்தமே ஐந்து அணிகள் என்பதைப் போட வேண்டாம்.

அரங்கநாதன் என்றால் ஊரில் யாருக்கும் தெரியாது. செகரட்டரி என்றால் தெரியும். பந்துக்குக் காற்று அடிப்பதில் இருந்து கோடு போடச் சுண்ணாம்பு கரைப்பது வரை எல்லாம் நான்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், கழகம் இருக்கிறதே என்பேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று சிரிப்பார்கள். எனக்கு அந்தக் கழகத்தின் மேல் உயிர். இதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாக விளங்கும்.

மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கிய பிறகு மேட்ச் பார்க்கப் பத்துப் பேர் வந்தால் அதிகம். அதில் பாதி ஆடு மேய்க்க வந்தவர்கள். அந்தச் சமயத்தில்தான் எங்கள் தலைவர் அமீர் பாட்சா காலமானார். வயதானவர், தூக்கத்திலேயே போனார், அதில் என் பங்கு ஒன்றும் இல்லை. அவர் குடும்பத்தார் ‘அமீர் பாட்சா நினைவுச் சுழற்கோப்பை’ என்று ஒன்றை வைத்தார்கள். தம்பி, நீங்கள் அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். வளைகுடாவில் இருக்கும் பையன்கள் ஜெர்சி அனுப்பினார்கள். முக்குக்கு முக்கு ஃபிளெக்ஸ். மனிதர் உயிரோடு இருந்தபோது ஏறெடுத்துப் பார்க்காத ஜனம், மைதானத்தில் நிற்க இடம் இல்லாமல் தோப்பு மரத்தில் ஏறி உட்கார்ந்தது. நம் பக்கத்தில் போட்டி நடக்க வேண்டுமென்றால் கோப்பைக்கு மேல் இறந்தவர் ஒருவரின் பெயர் இருக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

ஆனால் சுழற்கோப்பைக்கு ஒரு விதி உண்டு. எந்த அணியாவது தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்துவிட்டால் கோப்பை அவர்களுக்கே சொந்தம். அதோடு அந்தக் கோப்பையின் கதை முடிந்தது. இந்த விதியை எழுதிவைத்தது நான்தான். யார் மூன்று வருடம் ஜெயிக்கப் போகிறார்கள் என்ற தைரியம். திண்டிவனத்து அணி இரண்டு வருடம் ஜெயித்துவிட்டது. அலெக்ஸ் என்று ஒரு கேப்டன், எருமை மாதிரி பலம். மூன்றாவது வருடமும் தூக்கிக்கொண்டு போனால் எங்களுக்குப் போட்டி இல்லை, போட்டி இல்லாவிட்டால் கூட்டம் இல்லை, கழகம் அந்த மழைக்காலத்தைத் தாண்டாது.

எனவே கையிருப்பாக ஒரு பெயர் தேவைப்பட்டது. உயிரோடு இருப்பவர் பெயரை வைத்தும் பார்த்தேன். டைல்ஸ் கடை முதலாளி ஒருவர் பெயரில் ஒரு கோப்பை. முதல் மேட்சுக்கு அந்த முதலாளியே வரவில்லை. எங்கள் பொருளாளர் துரைக்கண்ணு மேல் கொஞ்ச நாள் நம்பிக்கை வைத்திருந்தேன். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, எல்லாம் இருந்தது. இரண்டு தடவை பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு தடவையும் போனதைவிடத் தெம்பாகத் திரும்பி வந்து, மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றார். இன்றைக்கும் தின்றுகொண்டுதான் இருக்கிறார்.

அப்போதுதான் ஹஸீனா என்னைத் தேடி வந்தாள். எங்கள் சுஃப்யானின் மனைவி. சுஃப்யான் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதுங்கள். குவைத்தில் இருந்து திரும்பி வந்து ஊரிலேயே ஏசி மெக்கானிக்காக இருந்தான். எங்களிடம் உருப்படியாக கோல் போடத் தெரிந்த ஒரே ஆள். கோட்டக்குப்பத்தில் சின்னக் குழந்தைகூட அவன் பெயரைச் சொல்லித்தான் பந்தை உதைக்கும். ஹஸீனா உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

“அண்ணே, அவுருக்கு நெஞ்சுல கோளாறாம். ஓடவே கூடாதுன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. நான் சொல்லிக்கினே இருக்கேன், காதுல போட்டுக்கல. டீம்ல நீ இல்லடான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா கேட்டுக்குவாரு. உங்கள வுட்டா எனக்கு யார் இருக்கா?”

“நான் பாத்துக்கிறேம்மா. நீ பயப்படாம போ,” என்றேன்.

நான் வாக்குத் தவறினேன் என்று பின்னால் சொன்னார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன், பார்த்துக்கொண்டேன். மறுநாள் காலை பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். கழகத்துக்காக ஒரு வேலை இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்களுக்கும் திண்டிவனத்துக்கும் இறுதி ஆட்டம் மே மாதம். வழக்கமாகச் சாயங்காலம் வைப்போம். அன்றைக்குச் சாயங்காலம் ஊரில் பெரிய கல்யாணம், ஜனம் பிரியாணிக்குப் போய்விடும் என்று சொல்லி மதியம் இரண்டு மணிக்கு மாற்றினேன். அவசரத்துக்கு நிற்கும் எங்கள் வேனைக் கண்டமங்கலத்துக்கு அனுப்பினேன். சிறப்பு விருந்தினர் விழுப்புரத்தில் இருந்து பஸ்ஸில் வந்து அங்கே இறங்குவதாக ஏற்பாடு. பெரிய மனிதரை ஆட்டோவில் கூட்டி வந்தால் நன்றாகவா இருக்கும்? ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் இருந்தது.

ஆட்டம் தொடங்குமுன் சுஃப்யான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பூட்ஸ் இன்னும் கையில்தான் இருந்தது.

“அண்ணே, வூட்ல ஹஸீனா அழுதுக்கினு இருக்கா. இந்த ஒரு மேட்ச்சு வெளிய ஒக்காந்துக்கவா?”

“ஒக்காரு சுஃப்யான், தப்பே இல்ல,” என்றேன். “திண்டிவனத்தாளுங்க கோப்பையத் தூக்கிக்கினு போவட்டும். அப்புறம் நாம எல்லாருமே ஒக்காந்துக்கலாம்.”

அவன் சிரித்தான். பூட்ஸை மாட்டிக்கொண்டான். நான் வற்புறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

என் கணக்கில் ஓட்டையே இல்லை. அவன் இறங்கி ஜெயித்துக் கொடுத்தால் பழைய கோப்பை பிழைக்கும். இறங்கி விழுந்தால் புதுக் கோப்பை பிறக்கும். அவன் வெளியே உட்கார்ந்தால் மட்டும்தான் கழகம் சாகும். நீங்கள் படித்தவர், நீங்களே யோசித்துப் பாருங்கள், என் இடத்தில் ஒரு செகரட்டரி வேறு என்ன செய்திருப்பான்?

இடைவேளையில் ஆளுக்கு ஒரு கோல். சுஃப்யான் வந்தபோது உதடு வெளுத்திருந்தது. மூச்சுப் பிடிக்கிறது, மாற்றிவிடுங்கள் என்றான். மாற்று ஆட்டக்காரன் கோகுலகிருஷ்ணன் பக்கத்திலேயே ஜெர்சியோடு குதித்துக்கொண்டிருந்தான். நான் கோகுலகிருஷ்ணனைத் தண்ணீர் கேன் வாங்கி வர அனுப்பினேன். சுஃப்யான் தோளைத் தட்டி, அவன் வருகிற வரைக்கும் சமாளி என்றேன். இவ்வளவு வருடத்தில் என் பேச்சை அவன் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. தங்கமான பையன்.

கார்னர் கொடி பக்கம், பந்தே இல்லாத இடத்தில் விழுந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு மணலில் ரோடு வரை ஓடியது திண்டிவனத்துப் பையன்கள்தான். அலெக்ஸ்தான் ஆட்டோவை மறித்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. நான் அழுதேன், தம்பி. மையவாடியில் அடக்கம் செய்தபோது துரைக்கண்ணு தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதில் நடிப்பு எள்ளளவும் இல்லை. அவனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். பிடிக்காதவன் பெயரை யாராவது கோப்பைக்கு வைப்பார்களா?

மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் ஆண்கள் எல்லோரும் இருந்தார்கள், கழகத்துப் பையன்களும் இருந்தார்கள். நான் பையில் இருந்து கோப்பையை எடுத்து நடுவில் வைத்தேன். இரண்டு கைப்பிடி, மர பீடம், பித்தளைத் தகட்டில் ‘சுஃப்யான் நினைவுச் சுழற்கோப்பை’. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துரைக்கண்ணு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“திண்டிவனத்துக் கோப்பைக் கடையில குடுத்தா பதினஞ்சு நாளு இழுத்தடிப்பானே. மூணு நாளுக்குள்ள எப்பிடிய்யா வாங்கினே?” என்று கேட்டார், பாராட்டுகிற தொனியில்.

உள் வாசலில் திரை போட்டிருந்தது. அதற்குப் பின்னால் இருந்து ஹஸீனாவின் குரல் வந்தது. “அண்ணே, இத எப்ப செய்யக் குடுத்தீங்க?”

நான் பொய் சொல்கிறவன் இல்லை. அவள் என்னிடம் வந்து சொன்ன மறுநாள் கொடுத்தேன் என்றேன். கடைக்காரர் மறைந்த ஆண்டு என்ன போடட்டும் என்று கேட்டார், அதை மட்டும் காலியாக விடச் சொன்னேன் என்றும் சொன்னேன். எந்தக் காரியத்தையும் கடைசி நேரத்துக்கு விடும் பழக்கம் எனக்குக் கிடையாது. கழகத்தின் மேல் எனக்கு இருந்த அக்கறை அந்தப் பெண்ணுக்குப் புரியும் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் சொன்னாள்: “அவரு பேரு அதுல இருக்கக் கூடாது. எடுத்துக்கினு போயிடுங்க.”

அடுத்த வாரம் லீக் ஆட்டம். மைதானத்தில் நான் ஒருத்தன்தான் நின்றேன். வீட்டுக்குத் திரும்பினால் வாசல் கேட்டருகே ஜெர்சிகளை எல்லாம் துவைத்து, மடித்து, அடுக்கி வைத்திருந்தார்கள். சுஃப்யானுடையது மட்டும் இல்லை. தொடர்ந்து ஆட வராததால் லீக்கில் இருந்து எங்கள் பெயரை நீக்கினார்கள். ஹஸீனா புகார் கொடுத்து போலீஸ்கூட வந்தது. கோப்பை வாங்குவது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று தெரியாமல் அவர்களும் டீ குடித்துவிட்டுப் போனார்கள். பழைய கோப்பையையும் எடுக்க மாட்டோம் என்று அலெக்ஸ் சொல்லிவிட்டான். அதோ அலமாரியில் இரண்டும் இருக்கின்றன. ஒன்றுக்கும் போட்டி இல்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, கேட்க நினைப்பதைக் கேட்கலாம். ஆமாம், ஓடினால் அவன் உயிர் போகும் என்று தெரிந்துதான் இறக்கினேன். இடைவேளையில் அவன் முகத்தைப் பார்த்தபோது, போகட்டும் என்று நினைத்துத்தான் திரும்ப அனுப்பினேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அவன் கழகத்துக்காக உயிரையே கொடுத்தான். அவள் ஒரு பெயரைக் கொடுக்கவில்லை.

இப்போது எழுதுங்கள். நீலக்கரை கால்பந்துக் கழகம், கலைக்கப்பட்டது. காரணம்: ஒரு பெண்ணின் கல்நெஞ்சு.