பந்தைப் பார்த்தவர் யார்?

இந்தக் கண்டனக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும், பண்ருட்டியின் முந்திரி வணிகர், நம் ஹாக்கி ரசிகர் சங்கத்தைத் தாங்கி நிற்கும் தூண், அய்யா ராஜமாணிக்கம் அவர்களே! முன்வரிசையில் முகம் சிவந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மஞ்சக்குப்பம் மைதானத்தின் மண்ணை மிதித்து வளர்ந்த மாவீரர்களே! ஆட்டம் தெரியாதவர்கள் என்று இத்தனை நாள் நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த அருமைத் தாய்மார்களே! சிதம்பரத்திலிருந்து வேவு பார்க்க வந்து வேலியோரம் நிற்கும் நண்பர்களே! ஆமாம், அந்தப் பச்சைச் சட்டைக்காரரைத்தான் சொல்கிறேன். திரும்பிப் பார்க்காதீர்கள் அய்யா, உங்களைத்தான். உங்களுக்கும் சேர்த்தே என் பணிவான மாலை வணக்கம்!

என் பெயர் காத்தவராயன். கலெக்டர் கச்சேரி வாசலில் உட்கார்ந்து மனு எழுதிப் பிழைக்கிறவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக அடுத்தவர் மேல் அடுத்தவர் கொண்ட ஐயத்தை அழகு தமிழில் எழுதித் தருகிறேன். ஆகவே ஐயப்படுவது எனக்குத் தொழில் மட்டுமல்ல தோழர்களே, அது என் சுபாவம்! இதோ எனக்குச் சோடா கொடுத்தார்கள். யார் உடைத்தது, எந்த ஊர்க்காரர் உடைத்தது என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தேன். சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் அதே ஜாதி.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சென்ற மாதம் இதே மைதானத்தில், ஆண்டுதோறும் இங்கே ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று என்று நடக்கும் கடலூர், சிதம்பரம் ஹாக்கிப் போட்டி. நாம் ஒரு கோல் பின்னால். முடிய இரண்டே நிமிடம். நம் ஊரின் நம்பிக்கை நட்சத்திரம், தம்பி அய்யனார், பந்தை அடித்தான். பந்து கோலுக்குள் போனது. நாம் எழுந்தோம், துள்ளினோம், துண்டை வீசினோம். அப்போது ஒரு விசில்! அம்பையர் அப்துல் வதூது ஊதினார். கோல் இல்லை, ஸ்டிக்ஸ் என்றார். அடிக்கும்போது கம்பு தோளுக்கு மேல் போனால் தப்பு. அதற்குப் பெயர் ஸ்டிக்ஸ். நாம் தோற்றோம்.

விட்டோமா? மறுநாளே மனு தயார்! எழுதியவன் நான். அறுபத்து மூன்று கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. "கம்பு தோளைத் தாண்டவில்லை என்பதை எங்கள் இரு கண்ணால் கண்டோம்" என்று எழுதினேன். அப்துல் வதூது இனி இந்த ஜில்லாவில் விசிலைத் தொடக் கூடாது என்பதுதான் இன்றைய தீர்மானம். அதை முன்மொழியத்தான் என்னை மேடை ஏற்றியிருக்கிறீர்கள்.

பொறுங்கள், பொறுங்கள். கைதட்டலில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். நான் சொல்லப் போவதைக் கேட்ட பிறகு தட்ட மனம் வருமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

அன்பர்களே! நாம் எப்படிப்பட்ட ரசிகர்கள்? ரோமாபுரி ஒலிம்பிக்கில் ஒரே ஒரு கோலில் தோற்றோம், ரேடியோவைத் திட்டினோம். ஒன்றரை ஆண்டுக்கு முன் டோக்கியோவில் ஒரே ஒரு கோலில் வென்றோம், தங்கம் வாங்கினோம். அன்றைக்காவது மகிழ்ந்தோமா? திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் அன்று மாலை என்ன பேச்சு? "ஏன் ஒண்ணே ஒண்ணு? உள்ள என்னமோ நடந்திருக்குது!" வென்றாலும் விசாரணை, தோற்றாலும் தகராறு, டிரா ஆனால் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள்! மழை வந்தால்கூட மழை எந்த ஊர்ப் பக்கமிருந்து வந்தது என்று பார்க்கிறவர்கள் நாம்.

இந்த ஆண்டு இன்னும் ஒரு படி மேலே போனோம். அப்துல் வதூது பாயின் மாமனார் வீடு சிதம்பரம் என்று கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தவன்? நான்தான்! பஸ் ஏறிப் போய் அந்தத் தெருவில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். உடனே ஒரு கண்காணிப்புக் குழு அமைத்தோம். வடக்குப் பக்கம் நால்வர். அவர்கள் வேலை அம்பையரின் கண் எங்கே போகிறது என்று பார்ப்பது. தெற்கே மூவர், அவர் யாரோடு பேசுகிறார் என்று பார்ப்பது. ஒருவர் அவர் கைக்குட்டையை மட்டும் பார்க்க வேண்டும், அதில் ஜாடை இருக்கலாம் என்று! மற்றவர்கள் சிதம்பரத்துப் பெஞ்சைப் பார்க்க வேண்டும். நான் பொதுமேற்பார்வை. எத்தனை ஏற்பாடு! எத்தனை எச்சரிக்கை!

போட்டி முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஏன்? அங்கே என் மச்சான் சாமிக்கண்ணு, என் மனைவி மங்கலத்தின் தம்பி, தொடை எலும்பு முறிந்து படுத்திருக்கிறான். சைக்கிளில் போனவனை லாரி தட்டிவிட்டது. பத்து ஆண்டு நம் ஊருக்கு ஃபுல்பேக் ஆடியவன். இனிமேல் ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுந்து உட்காரவும் முடியாதவன், அன்று காலையே என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நீ போய் பாத்துட்டு வந்து ஒண்ணு வுடாம சொல்லணும்" என்றான். நானும் சரி என்றேன்.

போனேன். அவன் கண்ணில் அப்படி ஒரு ஆசை.

"அய்யனாரு அடிச்சானாமே! நர்சம்மா சொன்னாங்க. பந்த எங்க வாங்கினான் மாமா?"

"அது... நம்ம பக்கந்தான்."

"எடப்பக்கமா, வலப்பக்கமா?"

"அத விடு. வதூது பாய் முகத்த மூணு தடவ தொடைச்சான். எதுக்குன்னு நெனைக்கிற?"

"நான் ஆட்டத்த கேக்குறேன். எத்தினி பேர தாண்டினான்?"

என்னால் சொல்ல முடியவில்லை, தாய்மார்களே! எழுபது நிமிடம் அந்த மைதானத்தில் நின்றவன் நான். அம்பையர் எத்தனை முறை திரும்பினார் என்று சொல்ல முடிந்தது. அவர் செருப்பு... மன்னிக்கவும், பூட்ஸ், அதன் கயிறு என்ன நிறம் என்று சொல்ல முடிந்தது. பந்து எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை. என் மச்சான் என்னைப் பார்த்தான். "நீ மேட்சு பாக்கல மாமா, ஆள பாத்திருக்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோழர்களே, எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், வராந்தாவில் நின்று அழுதேன்.

என்னால் முடியாவிட்டால் வேறு யாராவது சொல்லட்டும் என்று போன வாரம்தான் புறப்பட்டேன். கையெழுத்துப் போட்டவர்களில் பதினெட்டுப் பேரைப் பார்த்தேன். "பந்து எந்தப் பக்கமிருந்து வந்தது?" ஒருவருக்கும் தெரியவில்லை! எல்லாரும் கண்காணிப்பில் இருந்திருக்கிறார்கள்!

கடைசியில் மைதானத்து மூலையில் சுண்டல் விற்கும் தைலம்மாளிடம் போனேன். வேறு வழியில்லாமல்தான் போனேன், மறைக்கவில்லை. "நீ பாத்தியாம்மா?" என்றேன். "பாக்காம?" என்றார். கூடையோடு ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மா கட்டிலருகே நின்றபடி சொன்னது ஒரு சொல் மாறாமல் என் காதில் இருக்கிறது:

"அந்தப் புள்ள நடுக்கோட்டாண்ட எடது கைப்பக்கம் பந்த வாங்கினான் தம்பி. ரெண்டு பேரு பாஞ்சி வந்தாங்க. பந்து கம்போட ஒட்டிக்கிச்சு! இப்பிடி ஒரு வளைவு, அப்பிடி ஒரு வளைவு. ஒருத்தன் தொப்புனு வுழுந்தான். நான் பொட்டலம் மடிக்கிறதையே வுட்டுட்டேன், போ! அப்புறம் கம்ப தலைக்கு மேல ஓங்கி வுட்டான் பாரு ஒண்ணு. பலகையில பட்டு டமார்னு சத்தம். என் ராசா! கண்ணு பட்டுடும்!"

சாமிக்கண்ணு சிரித்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு சிரித்தான். "இன்னொருவாட்டி சொல்லு அக்கா" என்றான். அவர் இன்னொரு முறை சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார்.

நான்? நான் சிரிக்கவில்லை. "கம்ப எதுக்கு மேல ஓங்கினான்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"தலைக்கு மேலதான். ஏன், அது தப்பா?"

கேட்டீர்களா? இப்போது போடுங்கள் கூச்சலை!

நான் உடனே நம்பினேன் என்று நினைக்காதீர்கள். நானா நம்புவேன்? "சிதம்பரத்துக்காரங்க உன்கிட்ட ஜாஸ்தி சுண்டல் வாங்கினாங்களா?" என்று அந்த அம்மாவையே கேட்டேன். "அவுங்க ஒரு பொட்டலம் வாங்கினா நாலு பேரு தின்றாங்க. அவுங்களுக்கு நான் ஏன் பரிஞ்சி பேசறேன்?" என்றார். பச்சைச் சட்டைக்காரரே, கோபிக்காதீர்கள், சொன்னது அவர்.

அப்போதும் விடவில்லை. தம்பி அய்யனாரைத் தேடிப் போனேன். அதோ, கம்பத்துக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். "உண்மையச் சொல்லு, கம்பு மேல போச்சா?" என்றேன்.

"போச்சுண்ணே. எனக்கே தெரியும். விசில் ஊதினதும் நான் திரும்பிட்டேன். நீங்கதான் எல்லாரும் உள்ள எறங்கினீங்க."

"பாவி, ஏண்டா சொல்லல?"

"என்னை யாரும் கேக்கலியேண்ணே!"

யாரும் கேட்கவில்லை! அறுபத்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கினேன். அடித்தவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைவிட ஒரு மடமை உண்டா? இதைவிட ஒரு மானக்கேடு உண்டா?

இந்த ஒரு மாதத்தில் அந்த மனிதருக்கு என்னென்ன நடந்தது என்று தெரியுமா? அப்துல் வதூது பதினான்கு ஆண்டாக வெயிலில் நம்மோடு ஓடியவர். ஜவுளிக் கடையை மூடிவிட்டு வந்து ஓடியவர். இந்த மாதம் அவர் கடைத்தெருவில் நடந்தால் பின்னாலிருந்து விசில் அடிக்கிறார்கள். நம் ஆள்களில் சிலர், போன வருஷம் எல்லையில் நடந்த சண்டையை வைத்து, அவர் எந்த நாட்டுப் பக்கம் என்று கேட்டார்களாம். அதை இந்த மேடையில் முழுதாகச் சொல்ல என் நாக்குக் கூசுகிறது. நான் செய்தது என்ன? அவருடைய மனைவியின் பெயரை, வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெண்ணின் பெயரை, மனுவில் எழுதினேன். அதற்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் தகும். சிதம்பரத்தாரே, நீங்கள் மட்டும் யோக்கியமா? சென்ற ஆண்டு நீங்கள் ஜெயிக்காதபோது அவர் கடலூரில் குடியிருக்கிறார் என்று நீங்கள் மனு கொடுக்கவில்லையா? எங்களுக்கு அவர் சிதம்பரம். உங்களுக்கு அவர் கடலூர். அந்த மனிதர் எங்கேதான் போவார்?

சங்கம் விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் போட்டது. அவர் எழுதிய பதில் தலைவரின் மேசைமேல் இருக்கிறது. இரண்டே வரி. "நான் தப்பாக ஊதினேன் என்று, பார்த்த ஒருவர் சொன்னால் போதும். அன்றே விசிலைக் கொடுத்துவிடுகிறேன்." அவ்வளவுதான். வசை இல்லை, வாதம் இல்லை. அறுபத்து மூன்று பேரை அவர் கேட்கவில்லை. பார்த்த ஒருவரைக் கேட்கிறார். விசிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார். திரும்பிப் பார்க்கலாம். இப்போது பார்க்கலாம்.

சரி, தீர்மானத்துக்கு வருவோம். தலைவர் அவர்கள் கை தூக்கச் சொல்வார். அதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். பந்து அய்யனார் காலருகே எந்தப் பக்கமிருந்து வந்தது? நான் சொல்லுமுன் தெரிந்திருந்தவர் ஒருவர், ஒரே ஒருவர் எழுந்து நில்லுங்கள். யார்? வலமா? இல்லை அய்யா, இடம் என்று இப்போதுதானே சொன்னேன், அதையும் கவனிக்கவில்லையா? நீங்கள்? உட்கார்ந்துவிட்டீர்களே! அங்கே? கைக்குட்டையைப் பார்த்தவரா? உங்களைத் தெரியும், உங்களை அங்கே நிறுத்தியதே நான்தான்!

ஆயிரம் பேர் இருந்தோம் அன்றைக்கு. ஆயிரம் பேரில் பந்தைப் பார்த்தவர் மூவர். அடித்தவன் ஒருவன். சுண்டல் விற்றவர் ஒருவர். விசில் ஊதியவர் ஒருவர். மூவரும் ஒரே சாட்சி சொல்கிறார்கள்! நாம் யாரைக் கண்டிக்கக் கூடினோம்? எதைக் கண்டோம் கண்டிப்பதற்கு?

ஐயப்படுவதை விட்டுவிடு என்று என்னை யாரும் கேட்காதீர்கள். அது என்னால் ஆகாது. ஆனால் இனிமேல் வேறு எவரையும் ஐயப்படுமுன் என் கண்ணை ஐயப்படுவேன். பார்த்தாயா, பார்த்தாயா, பார்த்தாயா என்று மூன்று முறை அதைக் கேட்பேன். தலைவர் அவர்களே, மனுவிலிருந்து என் கையெழுத்தை இதோ உங்கள் கண் எதிரிலேயே அடிக்கிறேன். தீர்மானத்தை நான் முன்மொழியவில்லை. மீதி அறுபத்திரண்டு பேரும் அவரவர் மனசைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வதூது பாய்! ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சிதம்பரத்தில் பதில் போட்டி. நீங்கள் வந்து ஊத வேண்டும். எங்களுக்கு எதிராக ஊத வேண்டியிருந்தாலும் ஓங்கி ஊதுங்கள். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. எனக்குத் தண்டனை ஏற்கெனவே கிடைத்துவிட்டது பாய். இருபது ஆண்டில் இந்த மைதானத்தில் அப்படி ஓர் அடி விழுந்ததில்லை என்கிறார் தைலம்மாள். நான் நூறடி தூரத்தில் நின்றேன். அந்த அடியை நான் பார்க்கவில்லை. இனி எந்த மனு எழுதினாலும் அது எனக்குத் திரும்பக் கிடைக்காது.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், என்னை இன்னும் இறக்கிவிடாத தலைவருக்கும், உண்மை சொன்ன தம்பிக்கும், ஆட்டத்தை ஆட்டமாகவே பார்த்த அம்மா தைலம்மாளுக்கும் நன்றி. உங்கள் அனைவருக்கும் வணக்கம். பாய், உங்களுக்கு என் ஸலாம்.