கை காயும் வரை

நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க மாதவன் சார், விருந்துக்குக் கூப்பிட்டவன் இலையில உக்காந்திருக்கறப்பவே வந்தவர் எந்திரிச்சுப் போறது நியாயமா? போன மாசம் இதே ஸ்ரீரங்கத்துல, இதே ஹோட்டல்ல, இதே மேசையில... அந்தப் பிரவீன்ராஜ் எந்திரிச்சுப் போயிட்டாரு சார்! உங்களை மாதிரி ஒரு ஸ்கூலுக்கு யூனிஃபார்ம் துணி எடுக்க வந்தவருதான். மலைக்கோட்டை அடிவாரத்துல இந்தப் பிச்சைமுத்து கடை போட்ட நாள்லேர்ந்து அப்படியொரு அவமானம் பட்டதில்ல. ஆர்டரும் போச்சு. இப்ப உங்க ஆர்டரும் கைநழுவிச்சுன்னா ஷட்டரை இறக்கிட வேண்டியதுதான்... சாப்பிடுங்க, சாப்பிடுங்க.

என்ன, முடிச்சிட்டீங்களா? அதுக்குள்ளயா! மதுரைவீரன் அண்ணே, சாருக்குச் சாதம் வைங்க. கையை நீட்டித் தடுக்காதீங்க சார். நம்ம ஊர்ல 'போதும்'னா 'இன்னும் கொஞ்சம்'னுதான் அர்த்தம்.

தொழில் விருந்துங்கறது சாதாரணக் காரியம் இல்லீங்க. சாம்பாரை இலையை விட்டு ஓட விடறவன், சரக்கை நேரத்துக்கு அனுப்ப மாட்டான். அப்பளத்தை முதல்லயே நொறுக்கறவனுக்கு வாக்குல நிதானம் இருக்காது. பாயசம் வர்றதுக்கு முன்னாடி வியாபாரம் பேசறது மகா பாவம். அதான் நீங்க மூணு தடவை வெலையைப் பத்தி ஆரம்பிச்சப்பவும் நான் பேச்சை மாத்தினேன். தப்பா எடுத்துக்கலையே?

போன் அடிக்குதா? எடுக்காதீங்க. இடது கையாலயும் எடுக்காதீங்க.

ஒரு கதை சொல்றேன் கேளுங்க. கொள்ளிடத்துல ஒரு கொக்கு, இன்னொரு கொக்கை விருந்துக்குக் கூப்பிட்டுச்சு. மீனை எப்படிப் பிடிக்கணும், எப்படி முழுங்கணும், ஒத்தைக் கால்ல எப்படி மரியாதையா நிக்கணும்னு விளக்கமாச் சொல்லிச்சு. சொல்லி முடிச்சுப் பாத்தா ஆத்துல தண்ணி இல்ல, மீன் இல்ல, வந்த கொக்கும் இல்ல! இதுலேர்ந்து என்ன தெரியுது? வந்த கொக்குக்குப் பொறுமை இல்ல சார். பொறுமை!

என்ன, கையையே பாக்கறீங்க? காஞ்சு போச்சா? அடடா, காஞ்ச கையோட உக்காரக் கூடாது. அண்ணே, மோர் ஊத்துங்க, சார் கையை நனைச்சுக்கட்டும்.

முறைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. அழைச்சவன் எந்திரிச்சாத்தான் அழைக்கப்பட்டவர் எந்திரிக்கணும். அந்த ஒண்ணைக் காப்பாத்தினா எல்லாத்தையும் காப்பாத்தின... எங்க சார் எந்திரிக்கிறீங்க? ஓ, மோர் சட்டையில தெறிச்சிடுச்சா? சரி, தொடச்சிட்டு வாங்க. இலையை மடிக்காதீங்க!

பாத்தீங்களா அண்ணே, எவ்வளவு பண்பான மனுசன்! ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே... என்னது? ஆட்டோ ஏறிட்டாரா?

நீங்க ஏன் அண்ணே என் இலையைப் பாத்துச் சிரிக்கறீங்க? இலைக்கு என்ன... அட! வச்ச சாதம் வச்ச மாதிரியே இருக்கு. நெய் உறைஞ்சே போச்சு. நான் எந்திரிச்சாத்தான் அவரு எந்திரிக்கணும்னேன். நான் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கலையே! அப்ப அந்தப் பிரவீன்ராஜும் பாவம், கை காஞ்சு, காஞ்சு...

போனைக் குடுங்க அண்ணே, சீக்கிரம். ஹலோ, மாதவன் சார்! வச்சிடாதீங்க! கதையில பேசிக்கிட்டே இருந்த அந்தக் கொக்கு நான்தான் சார். காவிரிப் பாலம் தாண்டலையே? ஆட்டோவைத் திருப்பச் சொல்லுங்க. நாளைக்கு, அடுத்த வாரம்னு தள்ளாதீங்க. இன்னைக்கே, இப்பவே திருப்புங்க. வெலை, சரக்கு, தேதி எல்லாத்தையும் நீங்க பேசுங்க சார். நான் சாப்பிடறேன்.